வாட்சனிடம் மட்டும் சொல்லாதே

இன்னைக்கு ஒரு மேசை டிராயர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1903-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்று இருக்கிறது, 'தி டான்சிங் மென்'. கதை தொடங்கும்போது ஹோம்ஸ் ஏதோ ரசாயனச் சோதனையில் மூழ்கியிருக்கிறார். வாட்சன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். தென்னாப்பிரிக்கப் பங்குகளில் பணம் போட வேண்டாம் என்று வாட்சன் மனசுக்குள் எடுத்த முடிவை, திடீரென்று ஹோம்ஸ் வாய்விட்டுச் சொல்கிறார். வாட்சனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இவருக்கு எப்படித் தெரியும்?

வழக்கம்போல விளக்கம் வருகிறது. நேற்று ராத்திரி கிளப்பில் இருந்து வந்தபோது வாட்சனின் இடது கை விரலில் சாக்பீஸ் தூள் இருந்தது. அப்படியென்றால் பில்லியர்ட்ஸ் ஆடியிருக்கிறார். அவர் பில்லியர்ட்ஸ் ஆடுவது ஒரே ஒரு நண்பரோடுதான். அந்த நண்பர்தான் பங்கு விஷயத்தைச் சொன்னவர், அதற்கு ஒரு மாசக் கெடு. கடைசியாக, வாட்சனின் செக் புக் ஹோம்ஸின் டிராயரில் பூட்டி இருக்கிறது. வாட்சன் சாவி கேட்கவில்லை. முடிந்தது கணக்கு.

ஸ்கூல்ல படிச்சப்போ "வாவ்"னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டேன். போன மாசம் மறுபடி படிக்கும்போது அந்தக் கடைசி விஷயத்துல நின்னுட்டேன். ஒரு நிமிஷம். வாட்சனோட செக் புக் எதுக்கு ஹோம்ஸ் டிராயர்ல இருக்கு? இவர் டாக்டர். ராணுவத்தில் இருந்தவர், ஆப்கானிஸ்தானில் 1880-ல் நடந்த மைவந்த் போரில் குண்டடி பட்டவர். அவருடைய பணத்தை எடுக்க அவர் இன்னொருத்தரிடம் சாவி கேட்கணும். கதையில் யாரும் இதை ஒரு விஷயமாகவே பேசுவதில்லை. வாட்சனும் பேசுவதில்லை.

வாட்சனுக்குக் குதிரைப் பந்தயப் பழக்கம் உண்டு, காயத்துக்காக வரும் பென்ஷனில் பாதி அதிலேயே போகிறது என்று அவரே வேறொரு கதையில் ஒத்துக்கொள்கிறார். அதனால் செக் புக்கை ஹோம்ஸ் பூட்டி வைத்தது அக்கறையால்தான் என்று சொல்லும் வாசகர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். இன்னைக்கு நான் பேச நினைக்கிறதே அந்த அக்கறையைப் பத்திதான்.

இவங்க ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? ரூம்மேட்ஸ். அவ்வளவுதான். போரில் இருந்து உடம்பு கெட்டுத் திரும்பி வந்த வாட்சனுக்கு லண்டன் செலவு கட்டுப்படியாகவில்லை. ஹோம்ஸ் நல்ல இடமாக ஒன்று பார்த்துவைத்து, வாடகையில் பாதியைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பொது நண்பர் அறிமுகம் செய்துவைத்தார். வேளச்சேரியில் டூ பெட்ரூம் வீட்டை ஷேர் பண்ணும் கதைதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நட்பு, விசுவாசம்னு பேச்செடுத்தாலே நமக்குக் கர்ணன்தான் ஞாபகத்துக்கு வருவான். செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் நாடு கொடுத்தான், மானம் காத்தான், அதற்காகக் கர்ணன் உயிரைக் கொடுத்தான். அங்கே கடன் கண்ணுக்குத் தெரிகிறது, என்ன வாங்கினோம், எதைத் திருப்பித் தருகிறோம் என்று கர்ணனுக்குத் தெரியும். வாட்சனிடம் அப்படி ஒரு கடனும் கிடையாது. பாதி வாடகை கொடுத்தவர். அப்புறம் எப்படி செக் புக் அந்த டிராயருக்குப் போச்சு?

ஹோம்ஸ் புத்திசாலி, வாட்சன் அவரை விடச் சுமாரான ஆள். பிரச்சினை அங்கேதான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னை விடப் புத்திசாலியோடு பழகுவதில் வாட்சனுக்கு ஒரு சங்கடமும் இல்லை, அவர் அதை ரசிக்கிறார். அந்த நட்பில் யாருக்கு எது தெரியணும்னு முடிவு பண்ற அதிகாரம் ஒருத்தர் கையில் மட்டும் இருக்கிறது. எனக்கு இடிக்கிறது அதுதான்.

1913-ல் வந்த 'தி டையிங் டிடெக்டிவ்' கதையை எடுத்துக்கொள்வோம். வாட்சனுக்குக் கல்யாணமாகித் தனியாக வாழும் காலம். வீட்டு ஓனர் மிஸஸ் ஹட்சன் பதறியடித்துக்கொண்டு ஓடி வருகிறார். ஹோம்ஸ் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, டாக்டரைக் கூப்பிடவும் விடவில்லை, செத்துக்கொண்டிருக்கிறார். வாட்சன் ஓடுகிறார். கட்டிலில் ஒட்டிப்போன முகமும் ஜுரக் கண்ணுமாக ஹோம்ஸ். வாட்சன் பக்கத்தில் போகிறார். வராதே என்று ஒரு அதட்டல். சுமத்ராவில் இருந்து வந்த நோய், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார். வாட்சன் பின்வாங்கவில்லை. நண்பன் சாகும்போது தொற்றைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அப்போதுதான் ஹோம்ஸ் அந்த அடியை அடிக்கிறார். நீ ஒரு சாதாரண டாக்டர், உன் அனுபவமும் குறைவு, படிப்பும் சுமார், எனக்கு வைத்தியம் பார்ப்பதென்றால் நான் நம்புகிற ஆள் வேண்டும் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். வாட்சனுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! அப்பவும் மனுஷன் கோபித்துக்கொண்டு போகவில்லை. சரி, நான் வேண்டாம், லண்டனிலேயே பெரிய டாக்டர்களை அழைத்து வருகிறேன் என்று கதவை நோக்கிப் போகிறார். சாகக் கிடந்தவர் தாவி வந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் வாட்சன் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கல்வர்ட்டன் ஸ்மித் என்பவரைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். அவருக்கு முன்னால் திரும்பி வந்து கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் நாடகம். நோயே கிடையாது. அந்த ஸ்மித் ஒரு கொலைகாரன். அவன் வாயால் உண்மையை வரவழைக்க ஹோம்ஸ் போட்ட திட்டம். முகத்தில் பூசியது வாசலைனும் தேன்மெழுகும். மூன்று நாள் பட்டினி மட்டும் நிஜம்.

வாட்சன் ஏன் என்று கேட்கிறார். பதிலில் இரண்டு பகுதி. ஒன்று, உனக்கு நடிக்க வராது, உண்மை தெரிந்திருந்தால் ஸ்மித்தை நீ நம்பவைத்திருக்க முடியாது. இரண்டு, உன் மருத்துவத் திறமையை நான் மதிக்கிறேன், அதனால்தான் கிட்ட வரவிடவில்லை. நாடி பிடித்துப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய், பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் ஏமாற்ற முடியும்.

என்ன நடக்குதுன்னு பாருங்க. வாட்சனின் நேர்மை, வாட்சனின் திறமை, இந்த இரண்டு நல்ல விஷயமும்தான் அவரை ஏமாற்றுவதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவமானப்படுத்தியதைப் பாராட்டாக மாற்றிக் கையில் கொடுத்தாச்சு. இதுக்கு எப்படிக் கோபப்படுவது? "உன்னை ரொம்ப மதிச்சதாலதான் ஏமாத்தினேன்"னு ஒருத்தர் சொன்னா வாயைத் திறக்க முடியாது. வாட்சனும் திறக்கவில்லை. ஹோம்ஸ் சாப்பிடக் கிளம்புவதோடு கதை முடிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். துப்பறியும் கதையில் வாசகருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, கதை சொல்வது வாட்சன், ஆகவே வாட்சனுக்கும் தெரியக் கூடாது, இது வெறும் எழுத்துத் தேவை. உண்மை. ஆனா, வாட்சனுக்குத் தெரியாமல் இருந்தால் போதுமே. வலிக்கணும்னு அவசியம் இல்லையே. டாயில் அந்த வலியையும் எழுதியிருக்கிறார்.

'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலில் பாருங்க. 1901-ல் தொடராக வர ஆரம்பித்தது. லண்டனில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி ஹோம்ஸ், வாட்சனை மட்டும் டார்ட்மூருக்கு அனுப்புகிறார். புதைகுழிச் சேறும் மூடுபனியுமான இடம். சர் ஹென்றியின் உயிருக்கு ஆபத்து. வாட்சன் ஊர் முழுக்க விசாரித்து, ராத்திரி உட்கார்ந்து நீளநீளமாகக் கடிதம் எழுதி பேக்கர் தெருவுக்கு அனுப்புகிறார். அங்கே மலைப் பக்கம் மர்மமான ஆள் ஒருவன் ஒளிந்திருப்பதையும் கவனிக்கிறார். தேடிப் போய், பழங்காலக் கல்குடிசை ஒன்றில் ரிவால்வரோடு காத்திருக்கிறார். அந்த மர்ம ஆள் வந்து சேர்கிறார். ஹோம்ஸ்!

இவ்வளவு நாளும் ஹோம்ஸ் அங்கேதான் இருந்திருக்கிறார். வாட்சன் அந்த இடத்தில் உடைந்துவிடுகிறார். என்னை உபயோகப்படுத்துகிறாய், ஆனால் நம்பமாட்டேன் என்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்கிறார். என் கடிதங்கள் எல்லாம் வீண்தானா என்கிறார், குரல் நடுங்குகிறது. ஹோம்ஸ் பாக்கெட்டில் இருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுக்கிறார். வாட்சனின் கடிதங்கள். படித்துப் படித்து ஓரமெல்லாம் நைந்துபோனவை. பேக்கர் தெருவில் இருந்து திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார், ஒரு நாள்தான் தாமதம். பிரமாதமாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டுகிறார். வாட்சனின் கோபம் கரைந்துவிடுகிறது. நீ செய்தது சரிதான் என்றுகூட வாட்சன் ஒத்துக்கொள்கிறார்.

சத்தியமா சொல்றேன், அந்த நைந்துபோன காகிதங்களைப் படிக்கும்போது எனக்கும் கரைஞ்சிடுச்சு. ஹோம்ஸுக்கு வாட்சன்மேல் அன்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அன்பு நிறைய இருக்கிறது. அதனால்தான் இது சிக்கல்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்தது. டாயில் 1893-ல் 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்தில் ரைஷன்பாக் அருவியில் தள்ளிக் கொன்றார். கதைப்படி அது 1891. அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஹோட்டலில் ஒரு ஆங்கிலப் பெண் சாகக் கிடக்கிறாள், டாக்டர் வேண்டும் என்று ஒரு கடிதம் வருகிறது. வாட்சன் திரும்பிப் போகிறார். அது பொய்க் கடிதம், மோரியார்ட்டியின் வேலை. அது பொய் என்று ஹோம்ஸுக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் வாட்சனைப் போகவிட்டார். இதை வாட்சன் தெரிந்துகொள்வது ஹோம்ஸ் விட்டுச்சென்ற கடைசிக் குறிப்பில்.

மூன்று வருஷம். வாட்சன் துக்கம் அனுசரிக்கிறார். நடுவில் அவருடைய மனைவியும் இறந்துபோனதாகக் கதை கோடி காட்டுகிறது. 1894-ல் கிழப் புத்தக வியாபாரி வேஷத்தில் ஹோம்ஸ் வந்து நிற்கிறார். வாட்சன் மயங்கி விழுகிறார், வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக. பிபிசி-யின் 'ஷெர்லாக்' தொடரில் இந்தக் காட்சிக்கு வாட்சன் அடி வெளுக்கிறார், பார்த்திருப்பீங்க. நூறு வருஷம் கழித்து எழுதியவர்களுக்கு அந்த அடி தேவைப்பட்டிருக்கிறது. மூலக் கதையில் அடியும் இல்லை, திட்டும் இல்லை. சந்தோஷம் மட்டும்தான்.

ஹோம்ஸ் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். பலமுறை உனக்கு எழுத நினைத்தேன், ஆனால் என்மேல் உள்ள பாசத்தில் நீ ஏதாவது செய்து ரகசியத்தை வெளிப்படுத்திவிடுவாயோ என்று பயந்தேன். அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் தெரியும், பணம் அனுப்ப ஆள் வேண்டுமே. கூடவே இன்னொன்றையும் சொல்கிறார். நான் செத்துவிட்டதாக நீ நம்பியிருக்காவிட்டால், என் சாவைப் பற்றி அவ்வளவு நம்பும்படி எழுதியிருக்க மாட்டாய்.

அதாவது வாட்சனின் துக்கமே ஒரு சாட்சியாகப் பயன்பட்டிருக்கிறது. அவர் உண்மையாக அழுததால்தான் உலகம் நம்பியது.

இந்த இடத்துல என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லியாகணும். சில வருஷத்துக்கு முன்னாடி நாங்க மூணு பேர் ஒரே வீட்ல இருந்தோம். அதுல ஒருத்தி எனக்கு உயிர்த்தோழி, பேர் வேண்டாம். அவ வேலையை விட்டுட்டா. விட்டதை என்கிட்ட சொல்லல. தினமும் காலைல பேக் மாட்டிக்கிட்டுக் கிளம்புவா, சாயங்காலம் வருவா. அவங்க அம்மா ஊர்ல இருந்து எனக்குப் போன் பண்ணுவாங்க. நான் சாதாரணமா, "ஆபீஸ் போயிருக்கா ஆன்ட்டி, மதியம் பேசுவா"ன்னு சொல்லுவேன். மூணு மாசம் இப்படிப் போச்சு. வீட்ல இருந்த இன்னொருத்திக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும், வாடகைக்குக் கடன் கொடுத்ததே அவதான். மைக்ராஃப்ட்!

விஷயம் தெரிஞ்சப்போ கேட்டேன். ஏன்டீ என்கிட்ட சொல்லலன்னு. அவ சொன்னா, "உனக்குப் பொய் சொல்ல வராது. நீ நம்பிச் சொன்னதாலதான் அம்மா நம்பினாங்க." அதைச் சொல்லிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நானும் அழுதுட்டு, பரவால்லடீன்னுட்டேன். அவ பக்கம் நியாயம் இருந்தது, வீட்ல நிலைமை அப்படி. ஆனா ஆன்ட்டிகிட்ட பொய் சொன்னது யாரு? என் வாய். அது என்னைக் கேக்காம நடந்துச்சு. இதை நான் அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. இந்த எபிசோடை அவ கேப்பா. சரி, கேக்கட்டும்.

கதைக்குத் திரும்புவோம். வாட்சனுக்கு விஷயத்தைச் சொன்ன சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அங்கே அவர் வேறு ஆளாக இருக்கிறார். 1904-ல் வந்த 'சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்டன்' கதையில், பிளாக்மெயில் பண்ணுகிறவன் வீட்டில் திருடப் போவதாக ஹோம்ஸ் சொல்கிறார். நீ வர வேண்டாம் என்கிறார். வாட்சன் என்ன பண்றார் தெரியுமா? என்னைக் கூட்டிப்போகாவிட்டால் வண்டி பிடித்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார். ஹோம்ஸ் பணிந்துபோகிறார். 'தி டெவில்ஸ் ஃபுட்' கதையில் ஒரு விஷப் புகையைச் சோதித்துப் பார்க்கணும். ஆபத்தை முதலிலேயே சொல்கிறார், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்கிறார். வாட்சன் தெரிந்தே உட்காருகிறார். மூளை கலங்கும் நேரத்தில் ஹோம்ஸை வெளியே இழுத்துப்போட்டுக் காப்பாற்றுவதும் வாட்சன்தான். அதன் பிறகு ஹோம்ஸ் கேட்கும் மன்னிப்பு இருக்கிறதே, மொத்தக் கதைகளிலும் அவ்வளவு உண்மையான மன்னிப்பு அபூர்வம்.

இரண்டிலும் வாட்சன் உயிரையோ மானத்தையோ பணயம் வைக்கிறார். தெரிந்து வைக்கிறார். அதைத்தான் நான் விசுவாசம் என்பேன். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாரே, அதற்கு என்ன பேர் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

வாட்சன் ஒன்றும் பாவப்பட்ட ஆளும் இல்லை, அதையும் சொல்லணும். ஹோம்ஸின் போதை ஊசிப் பழக்கத்தை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடவைத்தவர் அவர். அறுபது கதைகளில் நான்கைத் தவிர மற்றதெல்லாம் அவர் சொன்னது. ஹோம்ஸுக்கு அந்த எழுத்துமேல் எப்பவும் ஒரு புகார் இருக்கும், தர்க்கத்தை எழுதச் சொன்னால் காதல் கதை மாதிரி எழுதுகிறாய் என்று. இருந்தாலும் பேனா வாட்சனிடம். டார்ட்மூரில் தான் கேட்ட அந்தக் கசப்பான கேள்வியை அவர் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. மன்னித்த பிறகும் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கணக்கை நம்மிடம் ஒப்படைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

பேனா ஹோம்ஸ் கைக்கு வந்தபோது என்ன ஆச்சு? 1926-ல் வந்த 'தி பிளான்ச்டு சோல்ஜர்' அவரே சொல்லும் கதை. அதில் வாட்சன் தன்னை விட்டுவிட்டு ஒரு மனைவியைத் தேடிப் போய்விட்டதாகவும், பழகிய காலத்தில் வாட்சன் செய்த ஒரே சுயநலமான காரியம் அதுதான் என்றும் எழுதுகிறார். மூன்று வருஷம் செத்த மாதிரி நடித்தவர் சொல்கிறார்! சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. வாட்சன் இல்லாமல் அவருக்கு முடியவில்லை, அதைச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரியாமல் பணத்தால் செய்த வேலையும் ஒன்று உண்டு. திரும்பி வந்த ஹோம்ஸ் கேட்டுக்கொண்டதால் வாட்சன் தன் கிளினிக்கை விற்றுவிட்டு பேக்கர் தெருவுக்கே குடிவருகிறார். வெர்னர் என்ற ஒரு இளம் டாக்டர், கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குகிறார். அந்த வெர்னர் ஹோம்ஸின் தூரத்துச் சொந்தம், பணம் கொடுத்ததே ஹோம்ஸ் என்பது வாட்சனுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. அன்பா, கட்டுப்பாடா? ரெண்டுந்தான். கிளினிக் போச்சு, செக் புக் டிராயருக்குள் போச்சு. இதைத் தெரிந்துகொண்டபோது தனக்கு என்ன தோன்றியது என்று வாட்சன் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவர் இதை ஏன் விட்டார்?

இந்தக் கதைகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புதுசாப் படிக்கிறவங்க 'தி டையிங் டிடெக்டிவ்'ல ஆரம்பிங்க, அரை மணி நேரம்கூட ஆகாது. அதுக்கப்புறம் 'தி த்ரீ கேரிடெப்ஸ்' படிங்க, 1924-ல் வந்தது. அதில் வாட்சன்மேல் குண்டு பாயும் ஒரு நிமிஷம் இருக்கிறது, ஹோம்ஸின் உதடு நடுங்கும் நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை காயமும் படலாம் என்கிற மாதிரி வாட்சன் எழுதுகிறார். நீங்களும் அப்படித்தான் நினைப்பீங்களான்னு எனக்கு எழுதுங்க. நான் இன்னும் முடிவு பண்ணல.